ஊதா வெளிச்சம் – 9: எது அடிச்சது?

"அண்ணன எது அடிச்சது? இன்னைக்கு நீங்க சொல்லியாகணும்."

இரண்டு வருடமாக இந்த வீட்டில் கேட்கவே கூடாது என்று சொல்லி வைத்திருந்ததைச் சுபாஜினி கேட்டுவிட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. விறைத்துப்போன வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வீட்டு முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் நின்று, அப்பாவின் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

சின்னராசா படியில் உட்கார்ந்து தேயிலைச்செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கல்லின் மேல் போய் வந்துகொண்டிருந்த கத்தி பாதியில் நின்றது.

"வாய மூடு புள்ள," என்றார். "அம்மா உள்ள இருக்கா."

பசறைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஒட்டிக் கட்டிய ஆறு காம்பரா வீடுகள் கொண்ட அந்த லயத்தில், அண்ணன் ஜீவனின் சாவைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "அடிச்சிருச்சு. போயிட்டான்." எது அடித்தது என்பது அந்தப் பேச்சில் வராது. வெளியூர்க்காரர் யாராவது விளங்காமல் விழித்தால், லயத்துக் கோடியில் நிற்கும் டர்பன்டைன் மரத்தின் பக்கம் கண்ணைக் காட்டுவார்கள். மரத்தடியில் குங்குமம் பூசிய கல். முனி. செத்தது உச்சிப்பொழுது, அந்த மரத்தடியில். இருபத்தாறு வயதுப் பையனை முனி அடித்துவிட்டது. அவ்வளவுதான்.

சுபாஜினி அப்போது பல்கலைக்கழகத்தில் இறுதிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். வந்து சேர்ந்தபோது மண் போட்டாகிவிட்டது. மரணச் சான்றிதழை அப்பா தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். கேட்டால் அம்மா சாப்பிடமாட்டாள், இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அதனால் கேட்காதே என்றார்கள். அவளும் கேட்கவில்லை. லயத்தின் முதல் பட்டதாரி, கொழும்பில் எட்டு மாதம் பார்த்த வேலையை மேலாளரின் முகத்துக்கு நேரே விட்டுவிட்டு வந்தவள், சொந்த அண்ணன் எப்படிச் செத்தான் என்று கேட்கப் பயந்துகொண்டிருந்தாள்.

இன்றைக்குக் கேட்க வைத்தது அந்த வெளிச்சம்.

வந்த நாளிலிருந்து ஜீவனின் அறையில் அவள் குடமிளகாய் நாற்றுப் போட்டிருந்தாள். பண்டாரவளையில் கூடாரப் பயிர் செய்யும் ஷஹீலாவுக்கு நானூறு நாற்றுத் தருவதாகச் சொல்லியிருந்தாள். வெளியில் வைத்தால் குரங்கு விடாது. குரங்கு விட்டாலும் பனி விடாது. இஸ்தோப்பில் பாதியை மறித்துக் கட்டிய அந்த அறைக்கோ ஜன்னல் கிடையாது. நாற்றெல்லாம் வெளிறி, நூல் மாதிரி நீண்டு, பக்கவாட்டில் சாய ஆரம்பித்தன.

அதற்காகத்தான் விளக்கைத் தானே செய்தாள். பதுளையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஸலீம் நானாவிடம் எல்.ஈ.டி. சிப் வாங்கினாள். சிவப்பு பதினாறு, நீலம் நாலு. இலைக்கு வேண்டியது இந்த இரண்டு நிறமும்தான். சிப் சூடேறினால் கருகிவிடும்; சூட்டை இழுக்க அலுமினியத் தகடு வேண்டும். அம்மாவின் பெரிய சோற்றுச்சட்டி மூடியை எடுத்துக்கொண்டாள். பழுதான ஃப்ளட் லைட் ஒன்றிலிருந்து, சிப்புக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவரைக் கழற்றினாள். மூடியில் சிப்புகளைப் பசை போட்டு ஒட்டி, அண்ணனின் சோல்டரிங் அயனால் ஒன்றோடொன்று வரிசையாக ஈயம் வைத்துக் கோத்தாள். அயனின் கைப்பிடியில் அவன் சுற்றிய டேப் இன்னும் இருந்தது.

"மூடிக்கு எர்த் குடுக்க மறந்துராதீங்க தங்கச்சி," என்று ஸலீம் நானா இரண்டு முறை சொல்லியிருந்தார். எர்த் என்றால் மண். லயத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் மண்தான். ஆனால் லயத்துச் சுவருக்குள் எர்த் வயர் மட்டும் இல்லை.

போன கிழமை விளக்கு எரிந்தது. சிவப்பும் நீலமும் கலந்து அறை முழுக்க ஊதா. மத்தியானம் மூன்று மணிக்கே மூடிக்கொள்ளும் பனியில், பலகைச் சுவரின் இடுக்கு வழியாக அந்த ஊதா வெளியே கசிந்தது. அடுத்த காம்பரா நல்லம்மா அதைப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குடத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"சீவன் வந்து உக்காந்திருக்கான்," என்றாள்.

சிரித்துத் தள்ளவேண்டிய பேச்சு. ஆனால் சுபாஜினியின் அம்மா அங்கம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்து அந்த அறைக்குள் சாக்கு விரித்து உட்கார ஆரம்பித்தாள். வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மெல்லப் பேசுவாள். செவ்வாய்க்கிழமை நாற்றுத் தட்டின் பக்கத்தில் ஒரு டம்ளர் சாயத்தண்ணி, பால் ஊற்றாத தேநீர், வைத்தாள். வியாழக்கிழமை, இரண்டு வருடமாகக் கட்டிலுக்கடியில் கிடந்த ஜீவனின் ரப்பர் செருப்பை எடுத்துக் கழுவி, அறை வாசலில் வைத்தாள். ஒன்பதாம் நம்பர் செருப்பு, வாசலைப் பார்த்தபடி, இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டு உள்ளே போன மாதிரி.

சுபாஜினிக்கு அந்தச் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தான் கணக்குப் போட்டு, கையைச் சுட்டுக்கொண்டு கட்டிய விளக்குக்கு முன்னால் படையல் போடுகிறார்களே என்ற கோபம். அதோடு, ஒத்துக்கொள்ள வெட்கமான இன்னொன்றும் இருந்தது. ஊதா வெளிச்சத்தில் தன் நிழல் சுவரில் விழும்போது, அது தன் தோளைவிட அகலமாக இருப்பதுபோல் அவளுக்கே இரண்டு முறை தோன்றியது.

இன்றைக்கு ஞாயிறு. இரண்டரை மணிக்கு நாற்றுக்குத் தண்ணீர் தெளித்தாள். தரையெல்லாம் ஈரம். குளிர் உள்ளங்காலைக் குத்தியது. வழக்கமாக வெறுங்காலோடுதான் நிற்பாள். இன்றைக்கு, முறைத்துக்கொண்டே, அந்தச் செருப்பில் காலை நுழைத்தாள். இலை நுனி கருகியிருந்தது, விளக்கு தாழ்ந்துவிட்டது, அரை அடி தூக்கிக் கட்டவேண்டும் என்று சட்டி மூடியைப் பிடித்தாள்.

யாரோ மணிக்கட்டைப் பிடித்து உதறிவிட்டது போல் இருந்தது. முதுகு சுவரில் போய் மோதியது. தோள்வரை கை இல்லாதது மாதிரி இருந்தது.

முதல் மூச்சு திரும்பி வந்ததுமே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏதோ ஒரு சிப்புக்கு அடியில் பசை விலகியிருக்கிறது, கரண்ட் மூடியில் ஏறியிருக்கிறது. தப்பு அவளுடையது. அதை யாரிடமும் மறைக்க அவளுக்கு உத்தேசமில்லை. காலில் ரப்பர் இருந்ததால் உயிரோடு இருக்கிறாள், அதுவும் தெரிந்தது.

விளக்கின் பிளக்கைச் செருப்புக் காலால் தட்டிக் கழற்றினாள். பிறகு இஸ்தோப்புக்கு வந்து, கரண்ட் பெட்டியைப் பார்த்தாள். அவர்கள் வீடு தொங்கல் காம்பரா, லயத்தின் கடைசி வீடு. ஆறு வீட்டுக்கும் கரண்ட் இந்தப் பெட்டியிலிருந்துதான் பிரிந்து போகிறது. பெட்டியில் ட்ரிப்பர் இருக்கிறது. எங்காவது கரண்ட் கசிந்தால் கண்ணிமைப்பதற்குள் அது விழவேண்டும். அதில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. ட்ரிப்பர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அதை அமுக்கினால் போதும், விழும்.

அமுக்கினாள். விழவில்லை.

மூன்று முறை அமுக்கினாள். நாலாவது முறை அமுக்காமல் டர்பன்டைன் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். மரத்தில் ஒரு பழைய ஆணி. அதில் கட்டியிருந்த கொடிக்கம்பி இப்போது இல்லை. லயத்துக் கூரைத் தகரத்திலிருந்து அந்த மரம்வரை போன கம்பி அது. துணி காயப்போடும் கம்பி. ஜீவன் செத்த நாளுக்குப் பிறகு அதைக் கழற்றியது யார் என்று இதுவரை அவள் யோசித்ததில்லை.

பிளக்கைத் திரும்பக் குத்தியது யார் என்றும் அவள் பார்க்கவில்லை. அறைக்குள் ஊதா மறுபடி எரிந்தது. அம்மா உள்ளே போய் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அப்பாவிடம் கேட்டாள்.

"வாய மூடு" என்றதோடு அவர் நிறுத்திக்கொண்டார். சுபாஜினி உள்ளே போய் அண்ணனின் பையிலிருந்து டெஸ்டரையும் குறட்டையும் எடுத்து வந்தாள். அம்மாவை எழுந்து வெளியே வரச் சொன்னாள், அந்த மூடியைத் தொடாதே என்றாள். அம்மா அசையவில்லை. சுபாஜினி மெயினை இறக்கினாள்.

ஊதா அணைந்தது. ஆறு வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட் வர்ணனை ஒரே நேரத்தில் அறுந்தது. பனிக்குள் லயம் இருண்டு கிடந்தது. அறை வாசலில் அம்மா வந்து நின்றாள்.

"ஏன் புள்ள அணைச்ச? இப்பத்தான் வந்து உக்காந்தான். வெரட்டாத."

சுபாஜினி பெட்டியின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள். அதற்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். முன்னால் வந்தது நல்லம்மா. தோட்டத்துப் புள்ளமடுவத்தில் ஆயாவாக இருப்பவள். வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது அவள்தான். மடுவத்துச் சாவி எப்போதும் அவள் இடுப்பில் தொங்கும்.

"படிச்சவ வந்தா லயத்துக்கு வெளிச்சம் வரும்னு பாத்தோம்," என்றாள் நல்லம்மா. "இருட்டுல்ல வருது."

பெட்டியின் மூடி கையோடு வந்தது. ட்ரிப்பர் அதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அதற்குள் போகவேண்டிய வயர் எதுவும் அதற்குள் போகவில்லை. வந்த வயரையும் போகிற வயரையும் நேராக முறுக்கி, சைக்கிள் டியூப் கிழித்துச் சுற்றி, அதன்மேல் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. ட்ரிப்பர் வெறும் பொம்மை. இரண்டு வருடமாக ஆறு வீட்டையும் காவல் காத்தது அந்தப் பொம்மை.

அப்பாதான் செய்திருப்பார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். சொல்லவேண்டிய வார்த்தைகளைக்கூட வாயில் அடுக்கி வைத்திருந்தாள். டேப்பில் நீல மையில் எழுதியிருந்ததைப் படித்ததும் அந்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

"1 – தர்காலிகம்."

தற்காலிகம் என்று அவனுக்கு எழுத வராது. எத்தனை முறை திருத்திக் கொடுத்தாலும் வராது. "ரெண்டு 'ர'வ வச்சிக்கிட்டு என்ன புள்ள பண்றீங்க, ஒண்ணு போதாதா?" என்று சிரிப்பான்.

"அண்ணன்தான் போட்டதா?" என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சின்னராசா கத்தியைப் படியில் வைத்தார். அவர் சொன்னதெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னதுதான். திருவிழா மாதம், விடாத மழை. மணிக்கு நாலு தரம் ட்ரிப்பர் விழுந்தது. ஆறு வீட்டு ஆட்களும் இந்த வாசலில் வந்து நின்றார்கள். பதுளையில் ஒரு வருடம் வயரிங் படித்த ஜீவன் முடியாது என்றான். விழுகிறது என்றால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம், கூரையில் எங்கோ வயரின் தோல் உரிந்து தகரத்தில் படுகிறது, அதைத்தான் தேடவேண்டும் என்றான். ஒரு வாரம் கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் முன்னால் அப்பாதான் அவனை ஏசினார்.

"ஒரு வயர மாத்திக் குடுக்கத் துப்பில்லாத ஒனக்கு என்னாத்துக்குப் படிப்புன்னு கேட்டேன்," என்றார். "அவன் ஒண்ணும் பேசல. குறட்ட எடுத்தான்."

அதற்குப் பிறகு பதினேழு நாள். ஒரு மத்தியானம் தூறல் போட்டது. கொடியில் துணி.

"நான்தான் போயி எடுடான்னு சொன்னேன்."

சொன்னது அம்மா. எல்லோரும் திரும்பினார்கள். அங்கம்மா அறை நிலையில் சாய்ந்து நின்றாள். அழவில்லை.

"நனையுதுடா, ஓடுன்னு சொன்னேன். செருப்புக்கூடப் போடாம ஓடுனான். வெறுங்காலோட போன புள்ள. அதான் எடுத்து வச்சேன், இனியாச்சும் போட்டுக்கிடட்டும்னு."

சுபாஜினி குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஒன்பதாம் நம்பர் செருப்பு. அவள் திட்டிக்கொண்டே போட்ட செருப்பு. இன்றைக்கு அது வாசலில் இல்லாமல் இருந்திருந்தால் இந்த வீட்டில் இரண்டாவது முறையும் முனி அடித்திருக்கும்.

"பேப்பர்ல கரண்ட்டுன்னுதான் இருக்கு," என்றார் அப்பா. "முனி அடிச்சதுன்னா மேக்கொண்டு யாரும் ஒண்ணும் கேக்கமாட்டான். கரண்ட் அடிச்சதுன்னா யாரு போட்ட கரண்ட்டும்பான். அவன் கையாலயே அவன் போட்டதுன்னு ஒங்கம்மா காதுல விழணுமா? இல்ல, போடச் சொன்னது நான்னு விழணுமா? கம்பியக் கழட்டிக் காட்டுக்குள்ள வீசுனேன். கெட்ட பேரு முனிக்குப் போகட்டும், அது தாங்கும்."

வாசலில் நின்ற ஒருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு வாசலில் வந்து நின்று கேட்டவர்கள் இவர்களேதான். அடிச்சிருச்சு, போயிட்டான் என்று பேசியது அறியாமல் பேசியதல்ல. ஆறு வீடும் சேர்ந்து எதை மறைத்ததோ அதை மட்டும் வெட்டிவிட்டுப் பேசியது.

சுபாஜினி டேப்பை மறுபடி பார்த்தாள். தற்காலிகம், சரி. திருவிழா முடிந்ததும் கழற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறான். ஆனால் எதற்கு நம்பர்?

ஒரே ஒரு வேலைக்கு யாரும் ஒன்று என்று நம்பர் போடமாட்டார்கள்.

"ரெண்டு எங்கப்பா?"

சின்னராசா நிமிர்ந்தார். அவருக்கும் அந்தக் கேள்வி இப்போதுதான் எட்டியது போலிருந்தது.

"ஒரு தடவ செஞ்சவன விடுவானுங்களா? அந்தப் பதினேழு நாளும் கூப்புட்ட எடத்துக்கெல்லாம் போனான். எங்கெங்க போனான்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு தெரியும்."

அவர் நல்லம்மாவைப் பார்த்தார். நல்லம்மாவின் கை இடுப்புச் சாவியைப் பிடித்தது.

நல்லம்மாவிடமிருந்து கதை மெதுவாகத்தான் வந்தது. புள்ளமடுவத்தில் பால் காய்ச்சும் கேத்தலைப் போட்டால் ட்ரிப்பர் விழும். பிள்ளைகள் பசியில் கத்தும். நல்லம்மா ஒரு வார்த்தை சொன்னாள், ஜீவன் வந்து அரை மணித்தியாலத்தில் சரி செய்து கொடுத்தான். அன்றிலிருந்து விழவே இல்லை.

"கைராசிக்காரப் புள்ள," என்றாள் நல்லம்மா. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னாள்.

"எத்தன புள்ளைங்க இப்ப?"

"பதினாலு."

"சாவியக் குடுங்க அத்தை."

நல்லம்மா மாட்டேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மடுவத்தைத் திறந்ததாகத் துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், நாளைக்கு ஆபீசில் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றாள். செத்தவன் செய்த வேலையைத் தோண்டினால் செத்தவனுக்கே ஆகாது என்றாள். பின்னாலிருந்து யாரோ, முதலில் லயத்துக்குக் கரண்டைப் போடச் சொல்லு, மேட்ச் போகுது என்றார்கள்.

"நாளைக்குக் காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு முந்தி புள்ளைங்களக் கொண்டாந்து விட்டுருவாங்க," என்றாள் சுபாஜினி. "அதுக்கு முந்தி தரை கழுவுறது யாரு?"

நல்லம்மா சாவியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்கதானே? வெறுங்காலோட."

மெயின் ஃபியூஸைப் பிடுங்கி அவள் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இனி அவள் திரும்பி வரும்வரை இந்த லயத்தில் யாரும் கரண்ட் போட முடியாது. விளக்கும் எரியாது, இந்தப் பனி இன்னும் ஒரு வாரம் நின்றால் நானூறு நாற்றும் படுத்துவிடும். ஷஹீலாவுக்கு என்ன சொல்வது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆட்கள் சத்தம் போட்டார்கள். பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு திமிரா என்று ஒரு குரல், சின்னராசா நீ சொல்லமாட்டியா என்று இன்னொரு குரல். சின்னராசா எழுந்து, பெட்டிக்கு முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அம்மா சாயத்தண்ணி டம்ளரோடு வெளியே வந்தாள். இன்றைக்கு நாற்றுத் தட்டின் பக்கத்தில் வைத்த டம்ளர், ஆறிப்போயிருந்தது. அதை மகளிடம் நீட்டினாள்.

சுபாஜினி ஒரே மடக்கில் குடித்தாள். இனிப்பு அதிகம். அவனுக்குத்தான் அப்படிப் பிடிக்கும்.

டெஸ்டரைத் தலைமுடியில் செருகினாள், குறட்டைக் கையில் எடுத்தாள், படியிறங்கினாள். சாவி கிடைத்தால் கதவு, கிடைக்காவிட்டால் மடுவத்தின் பின்சுவரில் ஏறும் வயர். வெட்டப்போவது உறுதி. இரண்டுக்குப் பிறகு மூன்று. மூன்றுக்குப் பிறகு எத்தனை என்று எழுதியவனுக்குத்தான் தெரியும்.

பனி அவளை மூடிக்கொண்டது. பெரிய செருப்பு குதிகாலில் அடித்து அடித்து, டப், டப், டப் என்று சத்தம் மட்டும் மேல் ரோட்டில் ஏறிப் போனது. லயத்தில் எல்லோருக்கும் பழக்கமான நடை அது. வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ பின்னால், சாவி ஒன்று குலுங்கியது. அவளுக்குப் பின்னால் வருகிறதா, எதிர்ப்பக்கமாக ஓடுகிறதா என்று சுபாஜினி திரும்பிப் பார்க்கவில்லை.